எடை வந்தால் இணையம் போகும்

கணினி முன்னே யோகேஸ்வரி, அவளருகே முக்காலியில் நான், வாசற்படியில் லோரி ஓட்டுநர் வீரமுத்தண்ணன். பண்டார் தெங்காரா செம்பனை ஆலையின் எடைமேடை அறை. காலையில் கணினியின் மைய நிரலான கெர்னல் தானாகப் புதுப்பித்துக்கொண்டதால், மேடையைக் கணினியோடு இணைக்கத் தராசுக்காரர்கள் தந்த மாட்யூல் என்ற துணை நிரல் அதோடு ஒட்டாமல் திரை வெறும் பூஜ்ஜியம் காட்டுகிறது. மேடைமேல் லோரியில் பழக்குலைகள் வெயிலில் மினுங்குகின்றன. “எடை போடாம இறக்க விடமாட்டாங்க. பழம் கெட்டா என் தலையிலதான் லா,” என்கிறார் அண்ணன். யோகேஸ்வரி பழைய கெர்னலில் கணினியைத் திறக்கிறாள். எடை வருகிறது, இணையம் போகிறது. புது வைஃபை கருவிக்குப் புதுக் கெர்னல்தான் வேண்டுமாம். “ரெண்டு சம்பந்தியும் ஒரே பந்தியில உக்கார மாட்டாங்க போல,” என்கிறார் அவர். அவள் சிரிக்காமல் எடைச்சீட்டை நீட்டுகிறாள். பின்னால் லோரி வரிசை. இனி இணையத்துக்காகக் கணினியை நிறுத்திப் புதுக் கெர்னலுக்கு மாற்ற முடியாது. புது மாட்யூல் கேட்டுத் தலைமை அலுவலகத்துக்கு நான் கையால் எழுதி, உறையை எச்சில் தொட்டு ஒட்டி, பழம் இறங்கியதும், தலைமை அலுவலகம் இருக்கும் கூலாய் வழியாகத் திரும்பும் அண்ணனிடம் கொடுக்கிறேன். “உங்க ஈமெயில் வழியில தே தாரிக் குடிச்சிட்டுத்தான் போகும்,” என்று சட்டைப்பையில் செருகிக்கொண்டு லோரியைக் கிளப்புகிறார்.