டபிள்யூ பதினேழு

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா, ஒரு காலைப்பொழுதைச் சொல்கிறேன். இங்கிலாந்தின் தென்கரை, ஞாயிற்றுக்கிழமை, ஜன்னலில் சாம்பல் வெளிச்சம். படகுப் பயணத்துக்கு இடம் பதியும் பெரிய கணினி ஓய்ந்து கிடக்கிறது. பத்து மணிக்குள் அங்கே வேலை பார்க்கும் ஹிலரி அதில் நாற்பது புதிய வரையறைகளை, அதாவது எந்தப் பெயருக்கு எந்த வேலை என்று கணினிக்குச் சொல்லும் குறிப்புகளை, ஏற்றியாக வேண்டும். புதியதன் பெயர் பழையது ஒன்றோடு ஒத்துப்போனால், பழையது சத்தமில்லாமல் அழிந்துபோகும். அதனால் அவள் பெயர்களை வாசிக்கிறாள். கூட வேலை பார்க்கும் டெஸ்மண்ட் பழைய பட்டியலில் பென்சிலை ஓட்டித் தேடுகிறான்.

“டபிள்யூ பதினேழு.”

“நிறுத்து தாயே! சக்கர நாற்காலிக்காரங்க இடம் பிடிக்கிறது அதுலதான். இதை ஏத்துனா அவங்க இன்னைக்குக் கரையிலயே நிக்க வேண்டியதுதான்.”

“ஐயோ, புதுசுக்கு நான்தான்பா அந்தப் பேரை வெச்சேன்.”

“வெள்ளிக்கிழமை சாயங்காலம் வெச்சிருப்ப. அன்னைக்கு உன் புத்தி உனக்கு முன்னாடியே வீட்டுக்குக் கிளம்பிரும்.”

ஹிலரி சிரிக்கிறாள். “பதினெட்டு காலியா?” “காலிதான்.” மாற்றுகிறாள். மிச்சப் பெயர்களையும் நிதானமாக வாசித்து முடித்துவிட்டு ஏற்றுகிறாள். நாற்பதும் சேர்கின்றன, பழையதில் ஒன்றும் குறையவில்லை. பத்து மணிக்குக் கணினி விழிக்கிறது. ஆறிய தேநீரைக் கையில் பிடித்தபடி இருவரும் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நான்காவதாக வருகிறது ஒரு பதிவு: சக்கர நாற்காலி ஒன்று, துணைக்கு ஒருவர்.

உங்கள் வீட்டிலும் ஒவ்வொருவருக்கும் ஓர் இடம் என்றைக்கும் இருக்கட்டும், கண்ணுகளா.