மூன்று அம்மாக்களின் வளைகாப்பு

பெற்றோரில்லாப் பிள்ளைகளை ஏற்கும் வளர்ப்பு வீட்டின் பொறுப்பு இப்போதெல்லாம் பதினெட்டு வயதோடு முடிவதில்லை. பெண்ணின் முதல் பிரசவம் வரை உண்டு. இருந்தும், தன் வளைகாப்பு முடிந்த கையோடு தமயந்தி வாசலை எட்டி எட்டிப் பார்த்தாள். மூன்று வளர்ப்பு வீடுகளில் மாறி மாறி வளர்ந்த தன்னை அழைத்துப்போக யார் வருவார்கள்?

ஓட்டுநரில்லாத வண்டி ஒன்று வாசலில் நின்றது. பின்னாலேயே இன்னொன்று. அப்புறம் மூன்றாவது.

“கடைசியா எங்கிட்டதான் இருந்தா,” என்றார் முதல் வண்டியிலிருந்து இறங்கிய செங்கோட்டை வளர்ப்பு அம்மா.

“பல்லு விழுந்தப்ப எங்கிட்டத்தானே இருந்தா,” என்றார் போடி அம்மா.

கம்பத்து அம்மா தமயந்தியின் பெட்டியைத் தூக்கித் தன் வண்டியில் வைத்துவிட்டார்.

மாமியார் சிரித்தார். “ஒரு சம்பந்தியாவது வருவாங்களான்னு பாத்தேன். நீயே சொல்லு தாயி, எந்த வீட்டுக்குப் போற?”

இந்தக் கேள்வியை அவளிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை.

“இருங்கம்மா, யோசிச்சுச் சொல்றேன்,” என்று தமயந்தி நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டாள்.