எனக்கு வரும் பாரா

என் பாரா ஏழாவது.

தலைகளை எண்ணிக் கண்டுபிடித்தேன். முன் பெஞ்சில் மூன்று பேர், அடுத்ததில் மூன்று பேர், அதற்கடுத்த பெஞ்சில் முதல் ஆள் நான். இந்தக் கணக்கை எந்த டீச்சரும் சொல்லித் தருவதில்லை. பயந்த பிள்ளைக்குத் தானாக வந்துவிடும்.

இப்போது நானே டீச்சர். இருந்தும் எண்ணினேன்.

மே மாசம். பிள்ளைகளுக்கு லீவு. அவர்கள் பெஞ்சில் முட்டி இடிக்க நாங்கள் உட்கார்ந்திருந்தோம். எங்கள் தாம்பரம் பள்ளியில் ஜூனிலிருந்து இங்கிலீஷ் மீடியம். அதற்காக தனசேகர் என்று ஒருவரைப் பயிற்சி கொடுக்கக் கூட்டிவந்திருந்தார் கரஸ்பாண்டன்ட்.

பிள்ளைகளுக்குப் பாடம் ஏறியதா இல்லையா என்று எப்படியெல்லாம் சோதிக்கலாம் என்பதுதான் பயிற்சி. துண்டுச் சீட்டில் ஒரு வரி எழுதச் சொல்லலாம். கட்டைவிரலை மேலேயோ கீழேயோ காட்டச் சொல்லலாம். பக்கத்துப் பிள்ளைக்கு விளக்கச் சொல்லலாம். காலையெல்லாம் இதைப் பேசிவிட்டு, சாப்பாட்டுக்குப் பிறகு ஆளுக்கொரு இங்கிலீஷ் புத்தகம் கொடுத்தார். வரிசையாக ஆளுக்கு ஒரு பாரா, சத்தமாக. உட்கார்ந்தபடியே வாசித்தால் போதும் என்றார்.

கரஸ்பாண்டன்ட் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

சோதனை யாருக்கு என்று அப்போதுதான் புரிந்தது. தடுமாறுகிறவர்களுக்கு ஜூனில் வேலை இருக்காது. நான் ஜனவரியில் சேர்ந்த டெம்பரவரி. என்னை அனுப்ப, வராதே என்ற ஒரு வார்த்தை போதும்.

ஏழாவது பாராவின் நடுவில் 'க்வெஸ்சனேர்' என்று ஒரு சனியன் கிடந்தது. வாய்க்குள்ளேயே மென்று மென்று மசித்தேன்.

என் பக்கத்தில் செல்வமேரி மிஸ். அது இன்னொரு பயம்.

ஆறாம் வகுப்பில் எனக்கு இங்கிலீஷ் எடுத்தவர். இதே பள்ளி, இதே வரிசை வாசிப்பு. தடுமாறினால் எழுந்து நிற்க வேண்டும், மணி அடிக்கும்வரை. பாரா முடிந்த இடத்தில் நிறுத்தாமல் ஒரு வார்த்தை கூடுதலாக வாசித்தாலும் அதே தண்டனைதான். அந்த வருஷத்தில் பாதியை நான் நின்றே படித்தேன். அம்மா கோவளத்தில் மீன் எடுத்து வந்து தாம்பரம் மார்க்கெட்டில் விற்பவள். நல்லா நின்னு பழகிக்கோ, நாளைக்கு மீன் கூடையோட பஸ்ஸுக்கு நிக்கணுமே என்பார் மிஸ். வகுப்பே சிரிக்கும்.

டிகிரி வாங்கிக்கொண்டு இதே பள்ளிக்கு வேலைக்கு வந்த அன்று, ஸ்டாஃப் ரூமில், என்னைப் பார்த்தே இராதவர் மாதிரி "வாங்க மிஸ்" என்றார்.

முன் பெஞ்சு முடிந்தது. இரண்டாவது பெஞ்சில் சத்யப்ரியா டீச்சர் தண்ணீர் ஓடுகிற மாதிரி வாசித்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டார். அடுத்தவரும் எப்படியோ கரை ஏறினார். இனி எனக்கு முன்னால் அயூப் சார் மட்டும்தான்.

அயூப் சாரின் நோக்கியா அடித்தது. கையால் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார்.

கணக்கு சரிந்தது. அவருடைய ஆறாவது பாரா எனக்கு. நான் மென்று வைத்த ஏழாவது, மிஸ்ஸுக்கு.

மிஸ்ஸும் எண்ணித்தான் இருக்க வேண்டும். கண்ணாடியைக் கழற்றினார். கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கண்ணாடி கொண்டுவரலை என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்கிறார். எங்களுக்கு எந்தக் கண்ணாடி இருந்தது கழற்ற?

தனசேகர் என்னைப் பார்த்து நெக்ஸ்ட் என்றார்.

வாசித்தேன். ஆறாம் வகுப்புக் குரல் வந்தது. ஓரிடத்தில் நாக்கு வழுக்கியது. பிடித்துக்கொண்டேன். கடைசி வரிக்கு வந்தபோது, பெஞ்சுக்கு அடியில் ஒரு கை என் புடவையைப் பிடித்தது.

"நிறுத்தாதடி. அடுத்ததையும் சேத்து வாசிச்சுடு. உனக்குப் புண்ணியமாப் போவும்."

மிஸ் பிடியை விடவில்லை.

ஆறாம் வகுப்பு முழுக்க, அவர் வாயால் ஒரு இங்கிலீஷ் பாடம் வாசித்து நான் கேட்டதே இல்லை. முதாசிர், நீ ஆரம்பி என்பார். முதாசிர் தடங்கலே இல்லாமல் வாசிப்பான். மிஸ் புத்தகத்தில் விரலை வைத்துக்கொண்டு, உதட்டை அசைத்தபடி கூடவே போவார். அவன் லீவு போட்ட நாளில் எங்களுக்குப் பாடம் கிடையாது, பரீட்சைத்தாள் திருத்தணும் என்பார். அதையெல்லாம் கண்டிப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த பாரா என் நாக்கில் தயாராக இருந்தது, க்வெஸ்சனேர் உட்பட. வாசித்தால் கரஸ்பாண்டன்ட் முன்னால் எனக்கும்தான் நல்ல பேர்.

முற்றுப்புள்ளி வந்தது. நிறுத்திவிட்டேன்.

பழி வாங்கினேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் பாரா முடிந்தால் நிறுத்தணும், இல்லாவிட்டால் நிற்கணும். அந்தப் பயம்தான் என் வாயை மூடியது. அவர் போட்ட பயம்.

தனசேகர் மறுபடியும் நெக்ஸ்ட் என்றார்.

கை என் புடவையை விட்டது. மிஸ் கண்ணாடி இல்லை என்று சொல்லவில்லை. புத்தகத்தைப் பார்த்தார். உதடு பிரிந்தது. சத்தம் வரவில்லை.

பிறகு புத்தகத்தை மூடி பெஞ்சில் வைத்துவிட்டு, எழுந்து நின்றார். இரண்டு கையையும் உடம்போடு ஒட்டி, தலையைக் குனிந்து, நாங்கள் நிற்போமே அப்படி.

தனசேகர் பதறிப்போய், உட்கார்ந்தே வாசிக்கலாம் மேடம் என்றார். மிஸ் உட்காரவில்லை.

மே மாசம். மணி அடிக்கப் பள்ளிக்கூடத்தில் ஆள் இல்லை.