வெர்டெல் வீட்டில் மட்டும் சன்னல் இல்லை

செங்கல் சுவரில் சாக்கட்டியால் சன்னல் அளவுக்கு ஒரு கட்டம் வரைந்து முடித்துவிட்டுத்தான் ரோஜர் திரும்பிப் பார்த்தார். வெர்டெல் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"யாரக் கேட்டு என் செவுத்துல கிறுக்குற?"

நான் பக்கத்து வீட்டுக்காரி. ஒட்டுக்கேட்டேன் என்று சொல்லாதீர்கள். அன்று ஊரே வெர்டெல் வீட்டுப் புல்வெளியில்தான் நின்றது.

எங்கள் லார்ச்வுட் தெருவில் ஆண்டுக்கொரு நாள் வீடு பார்க்கும் விழா; அது அன்றுதான். சீட்டு வாங்கியவர்கள் காலணியின் மேல் நீல உறை மாட்டிக்கொண்டு அடுத்தவர் குளியலறை வரை போய்ப் பார்க்கலாம். எனக்கென்றே ஏற்படுத்திய விழா.

எல்லாம் ஐம்பதுகளில் அமெரிக்க ராஞ்ச் பாணியில் கட்டிய வீடுகள். மாடி கிடையாது. தாழ்ந்த கூரை, நீளமான உடம்பு, தெருவைப் பார்த்து ஆளுயரக் கண்ணாடிச் சன்னல். சோபாவில் யாருக்கும் யாருக்கும் சண்டை என்பது நடைபாதையிலிருந்தே தெரியும். அருமையான கட்டடக் கலை.

வெர்டெலின் அப்பா வாங்கிய இந்த வீட்டில் மட்டும் அந்தச் சன்னலைச் செங்கல் வைத்து அடைத்திருந்தார்கள். இருபது வருடமாக எனக்கு அது தீராத மனக்குறை.

அடைத்த இடத்துக்குக் கீழே பூப்பாத்தி. சுற்றிலும் வெள்ளையடித்த கற்கள். ஒன்று முட்டை அளவு, ஒன்று ரொட்டி அளவு, ஒன்று உடைந்த பாதிச் செங்கல். ஒன்றோடொன்று சேராது. கஞ்சத்தனம், வேறென்ன.

ஒருமுறை என் தோட்டக் கதவுக்கு முட்டுக்கொடுக்க அதில் ஒன்றை எடுத்துவிட்டேன். பொழுது சாய்வதற்குள் வெர்டெல் வந்து வாங்கிக்கொண்டு போனார். முகத்தில் அப்படி ஒரு கோபம். ஒரு கல்லுக்கு!

ரோஜர் எங்கள் குடியிருப்போர் சங்கத் தலைவர். எதிர்வீட்டில் பிறந்து, அப்பா போனபிறகும் அதிலேயே இருப்பவர். தெருவுக்கே பாரம்பரியப் பட்டயம் வாங்கத் துடித்துக்கொண்டிருந்தார். அதற்கு எல்லா வீடும் கட்டியபோது இருந்தபடியே இருக்க வேண்டுமாம். வெர்டெல் சன்னலைத் திறந்தால் பட்டயம். இல்லையென்றால் எல்லோர் வாயிலும் மண்.

"சங்கத்துல தீர்மானம் போட்டாச்சு, வெர்டெல். திங்கக்கெழம ஆளுங்க வந்து உடைப்பாங்க. வீம்பு பண்ணாதீங்க."

கூட்டம் பார்க்கிறதே என்று ஒரு புன்னகை. பிறகு பாத்தியோரக் கல் ஒன்றின் மேல் ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, பேச்சாளர் தோரணையில் எங்கள் பக்கம் திரும்பினார்.

"இந்தத் தெருவோட மொத கறுப்பினக் குடும்பம் இவங்கதான். அம்பத்தேழுலயே வந்துட்டாங்க! அந்தக் காலத்துலயே நாங்க அவ்வளவு பெருந்தன்மை!"

யாரோ கைதட்டினார்கள். நானும்தான்.

வெர்டெல் படியிறங்கி வந்தார். எழுபது வயதுக்கு அந்த வேகம் ஆகாது. கையிலிருந்த லெமனேடைச் சுவரில் வீசினார். சாக்கட்டிக் கோடு கரைந்து வழிந்தது.

"எங்கப்பா மூணு தடவ கண்ணாடி மாத்துனாரு, ரோஜர். நாலாவது தடவதான் செங்கல் வாங்குனாரு."

கைதட்டல் நின்றுவிட்டது.

"ராத்திரி ராத்திரி அந்தச் சன்னல் வழியா உள்ள வந்து விழுந்தத ஒண்ணக்கூட நாங்க தூக்கிப் போடல. எல்லாம் இந்தப் பாத்தியச் சுத்தித்தான் இருக்கு. உங்கப்பன் எறிஞ்சது எதுன்னு பாத்து எடுத்துக்கிட்டு, என் வாசல விட்டுப் போ."

ரோஜர் குனிந்து பார்த்தார்.

நீல உறை மாட்டிய அவர் கால் இன்னும் அந்தக் கல்லின் மேல்தான் இருந்தது. எடுப்பதா, அப்படியே வைத்திருப்பதா என்று தெரியாதவர் போல நின்றார்.