நல்ல கத்திரி

எங்கள் ஆபரேஷன் தியேட்டரில் ஒழுங்காக வெட்டுகிற கத்திரி ஒன்றே ஒன்றுதான். அதைத் துணி அலமாரியின் அடித்தட்டில், மடித்த துணிகளுக்குப் பின்னால் ஒளித்துவைப்பது நான். கொஞ்ச நாளாக அது இடம் மாறிக் கிடக்கிறது. சீனியர் நர்ஸ் அக்கா மேல்தான் சந்தேகம். தையல் நூல் பாக்கெட் பதுக்குவதில் அவள் எமகாதகி.

இன்று முட்டிபோட்டுக் கையை உள்ளே விட்டேன். வாசலில் அக்கா.

“என்னடி துழாவுறே?”

“துணி எடுக்கிறேன்க்கா.”

“நல்ல கத்திரியைப் பார்த்தியா?”

“சத்தியமா இல்லக்கா.”

இரண்டு கையையும் இடுப்பில் வைத்து வாசலிலேயே நின்று முறைத்தாள். என் விரல்கள் பின்சுவரைத் தொட்டன. கத்திரியைக் காணோம். எடுத்ததும் இல்லாமல் கேள்வி வேறு!

டாக்டர் நீட்டுகிற கையில் நாங்கள் கருவியை வைப்போமே, அதேபோல், கைப்பிடி முன்னால் வர, அலமாரியின் உள்ளிருந்து கத்திரி என் உள்ளங்கையில் பட்டென்று வந்து பதிந்தது.