ஹாரன் இல்லாத லாரி

வாயடைத்துப்போன என் லாரி ஹாரனைப் பழுதுபார்க்க ஜகார்த்தாவுக்கு அனுப்பியிருந்தேன். சரியாகித் திரும்பும் வழியில் அது தொலைந்துவிட்டது. கூரியர் ஆபீஸ் பெண்ணிடம் கத்தினேன்.

"கப்பல்ல ஏறினதா காட்டுதுண்ணே. இறங்கினதா காட்டல."

"அப்போ என்ன, நீந்தி வருதா?"

லிவா ஊருக்குப் போகும் வழியில் ஒரு பழைய பாலம் இருக்கிறது. அதன் அடியில் கண்ணுக்குத் தெரியாமல் குடியிருப்பவர்களிடம் அனுமதி கேட்டு, மூன்று முறை ஹாரன் அடித்துவிட்டுத்தான் எல்லாரும் கடப்போம். நான் ஒரு வாரமாகச் சும்மாவே கடந்துகொண்டிருந்தேன். காப்பிக்கொட்டை மூட்டைகளை வைத்துக்கொண்டு காத்திருக்க முடியுமா?

"வாயாலயாவது கேட்டுட்டுப் போங்களேன்" என்றாள் என் மனைவி யூலியார்தி.

"நடுப் பாலத்துல பாம் பாம்னு கத்தச் சொல்றியா? பின்னால வர்றவன் சிரிப்பான்."

நேற்று மாலை மரவள்ளி வறுவலும் காப்பியுமாக உட்கார்ந்திருந்தோம். வாசலில் ஹாரன் சத்தம் கேட்டது. என் ஹாரனேதான். கன்றைத் தேடும் எருமை மாதிரி கடைசியில் இழுக்கும். பார்சல் வந்துவிட்டது என்று ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். தெருவில் வண்டி எதுவும் இல்லை. இரண்டாவது முறை அடித்தது. பிறகு மூன்றாவது முறை.

யூலியார்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அனுமதி கேக்குறாங்க. வேணாம்னு சொல்லுங்க."

சொல்ல வாயெடுப்பதற்குள் ஆற்றுச் சேற்று வாடை எங்களைத் தாண்டி வீட்டுக்குள் போனது.

பாலத்தில் ஹாரன் அடித்துவிட்டு நாங்களும் பதிலுக்காக நின்றதில்லை.