வீட்டுக்கு ஒரு பட்டை

சர்க்கரை பார்க்கும் பட்டை வீட்டுக்கு ஒன்றுதானாம். அதை என் கையில் ஒட்டினார்கள்.

"ஒரே பானைச் சோறுதானே தாத்தா சாப்பிடுறீங்க? உங்க ரத்தத்தை வச்சே பாட்டிக்கும் கணக்குப் போட்டுரும். செலவு பாதி" என்றாள் சுகாதார நிலையத்து ஜெபா.

"அப்ப நான் மாத்திரை போட்டா அவளுக்கும் கேக்குமா?"

சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

நேற்று என் பெண்டாட்டி குருவம்மாவுக்குக் கிருத்திகை விரதம். சர்க்கரை மாத்திரையை மட்டும் விழுங்கினாள். நான் மூக்குப் பிடிக்கத் தின்றேன். மத்தியானம் அவளுக்கு வேர்த்துக் கொட்டி உடம்பு நடுங்கியது. பட்டையோடு தந்து சுவரில் மாட்டிய பெட்டி, "குருவம்மா, உங்கள் சர்க்கரை சரியாக இருக்கிறது" என்றது. நான் அதை நம்பாமல் சீனியைக் கரைத்துக்கொண்டு வந்தேன். அதற்குள் போய்விட்டாள்.

அமரர் ஊர்திக்காரர்கள் வர மாட்டேன் என்கிறார்கள். பெட்டி அவளை உயிரோடு காட்டுகிறதாம். இன்று காலை ஜெபா வந்து போனைப் பார்த்தாள்.

"பாட்டிக்கு இப்பவும் நூத்தி முப்பது ஓடுது தாத்தா."

"தொட்டுப் பாரு தாயி."

தொட்டவள் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள்.

"பட்டையைப் பிய்ச்சாத்தான் நிக்கும். ஆனா உங்க கணக்கும் சேர்ந்து நின்னுரும்."

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. இனி அவள் உடம்பு தாங்காது. பிய்த்தேன்.

பெட்டி குருவம்மா பெயரையும் என் பெயரையும் சொல்லி இரங்கல் தெரிவித்தது. கொஞ்ச நேரத்தில் ஊர்தி வந்துவிட்டது. உள்ளே இரண்டு பலகை போட்டிருந்தார்கள்.

"இன்னொண்ணு எங்க பெரியவரே?" என்று வண்டிக்காரன் என்னிடம் கேட்டான்.